முந்திக்கொள்ளும் மனசு, பிந்தி வரும் நியாயம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பைக்கில் பின்னால் அக்கா மகள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஊர்த் தெரு முனையில் இருக்கிற புளியமரத்தைத் தாண்டும்போது கேட்டாள்: "ஏன் மாமா இங்க வந்ததும் வண்டிய ஸ்லோ பண்றீங்க? பள்ளம்கூட இல்லையே."

நான் வேகத்தைக் குறைத்ததே எனக்குத் தெரியாது. ஆனால் காரணம் தெரியும். சின்ன வயதில் அந்தப் புளியமரம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். ஊர்த் தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாப் வந்ததும் மறுபடி போட்டுக்கொள்வோம். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு வயதில் ஒரே ஒரு தடவை மறந்துபோய் செருப்போடு நடந்துவிட்டேன். என்னை யாரும் அடிக்கவில்லை. சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு அந்த மரத்தடியில் கைகட்டி நிற்க வைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து என் கால் மறக்கவே இல்லை. இன்று அந்தத் தெருவில் ஷூ போட்டு நடக்கிறேன், பைக்கில் போகிறேன், கேட்க ஆளில்லை. ஆனாலும் ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்கும் கைக்கு அந்த இடம் இன்னும் நினைவிருக்கிறது.

இந்தப் பதிவை எழுதக் காரணம் புளியமரம் அல்ல. அதே மாதிரியான ஒரு மனசை வைத்துக்கொண்டு நான் இன்னொருவருக்குச் செய்த தவறு. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் அடிப்படை பேசிவிடலாம்.

நம் படிப்பு வட்டத்துக்கு வரும் தோழர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் சேர்த்து 110 ரூபாய். நோட்டின் விலை பேனாவின் விலையை விட 100 ரூபாய் அதிகம். அப்படியானால் பேனா என்ன விலை? படிக்கும்போதே உங்கள் மனதில் ஒரு எண் வந்திருக்கும். பெரும்பாலும் அது 10. அது தவறு. பேனா 10 என்றால் நோட்டு 110, இரண்டும் சேர்த்து 120 ஆகிவிடும். சரியான விடை 5. ஷேன் ஃப்ரெடரிக் என்ற ஆய்வாளர் 2005-ல் மட்டையும் பந்தும் வைத்துக் கேட்ட கணக்கின் நம்மூர் வடிவம் இது. பெரிய பல்கலைக்கழக மாணவர்களிலும் ஏராளமானோர் அதில் தவறினார்கள். கணக்குத் தெரியாததால் அல்ல. முதலில் வந்த விடை சந்தேகமே இல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்வதால்.

மனித யோசனை இரண்டு விதமாக ஓடுகிறது என்று உளவியல் சொல்கிறது. ஒன்று, நாம் கேட்காமலே, உழைக்காமலே, நொடியில் விடை தருவது. முகத்தைப் பார்த்ததும் கோபம் தெரிவது, பாம்பு மாதிரி ஏதோ தெரிந்ததும் கால் பின்வாங்குவது எல்லாம் அந்த வகை. இன்னொன்று, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு படியாக, சிரமப்பட்டு யோசிப்பது. 17-ஐ 24-ஆல் பெருக்குவது மாதிரி. டேனியல் கானெமன் 2011-ல் வெளியிட்ட நூல் இந்தப் பிரிவை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. அவர் உளவியலாளர், 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். இவை மூளைக்குள் இருக்கும் இரண்டு தனித்தனி அறைகள் அல்ல, புரிந்துகொள்ள வைத்த பெயர்கள் மட்டுமே என்று அவரே எச்சரித்திருக்கிறார்.

வேகமான மனசு என்றாலே மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினைந்து வருஷமாக வன்கொடுமை வழக்குகளுக்காகக் காவல் நிலையம் ஏறி இறங்குகிறேன். "வாங்க தோழர், உட்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று இன்ஸ்பெக்டர் அளவுக்கு மீறி இனிமையாகப் பேசினால், அன்றைக்கு எஃப்.ஐ.ஆர். வராது, சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்துச் சமாதானம் பேசப் போகிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விளக்கத் தெரியாது. ஆனால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்று கானெமனும் கேரி கிளெய்ன் என்ற இன்னொரு உளவியலாளரும் சேர்ந்து 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிளெய்ன், தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வு எப்படிச் சரியாக வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர். கானெமன், நிபுணர்களின் உள்ளுணர்வு எப்படியெல்லாம் தவறும் என்று ஆராய்ந்தவர். எதிரெதிர்த் தரப்பில் இருந்த இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: அந்த இடத்தில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், நம் கணிப்பு சரியா தவறா என்று நமக்குத் திரும்பத் திரும்பத் தெரியவர வேண்டும். காவல் நிலையத்தில் எனக்கு இரண்டும் உண்டு. இன்று நான் கணித்தது சரியா என்று நாளைக்கே தெரிந்துவிடும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

நாங்கள் சில பேர் சேர்ந்து சின்ன அளவில் ஓர் உதவி செய்து வருகிறோம். குரூப் தேர்வுகளுக்குத் தயாராகும் நம் பிள்ளைகளில் 12 பேருக்கு வருஷா வருஷம் பயிற்சிக் கட்டணமும் தங்கும் செலவும் கொடுப்போம். அந்த வருஷம் 40 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். நேர்காணல் செய்தது மூன்று பேர்: நான், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், இளம் வழக்கறிஞர் ஒருவர். மூவருமே தலித்துகள். சாதி பார்க்க மாட்டோம் என்ற சந்தேகமே எங்களுக்கு இல்லை.

ஒரு தங்கை வந்தாள். பி.எஸ்ஸி. முடித்தவள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அப்பாவின் தொழில்: பேரூராட்சித் தூய்மைப் பணியாளர். ஊரையும் தெருவையும் பார்த்ததும் அருந்ததியர் குடும்பம் என்று எனக்குப் புரிந்தது. நான் பறையர். கேள்வி கேட்டால் கொஞ்ச நேரம் நிறுத்தி, மெல்லிய குரலில் பதில் சொன்னாள். அவள் வெளியே போனதும் என் குறிப்பில் எழுதினேன்: "தன்னம்பிக்கை போதாது." மற்ற இருவரிடமும் அதையே சொன்னேன். அவர்களும் தலையசைத்தார்கள். மூன்றாம் நாள் தேர்வானவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. அவள் பெயர் பட்டியலில் இல்லை.

ஒரு வாரம் கழித்து, குறிப்புகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். எங்கள் தன்னார்வலர்.

"அண்ணா, ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லும்மா."

"இந்த அக்காவுக்கு தன்னம்பிக்கை போதாதுன்னு எழுதியிருக்கீங்க. அதே நாள் வந்த இந்தப் பையனுக்கு, நிதானமா யோசிச்சுப் பேசுறார்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு பேரையும் நான்தான் உள்ள கூட்டிட்டு வந்தேன். அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதாண்ணா பேசினாங்க."

அந்தப் பையன் என் பக்கத்து ஊர். என் சாதி.

அந்த நிமிடத்தில் எனக்குள் நடந்ததை உள்ளபடியே சொல்கிறேன். வெட்கம் முதலில் வரவில்லை. காரணங்கள்தான் முதலில் வந்தன. பையனின் கண்ணில் ஒரு தெளிவு இருந்தது. அவன் மதிப்பெண் கொஞ்சம் அதிகம். விடுதியில் தங்கிப் படிக்க அந்தப் பெண்ணால் முடியாமல் போகலாம். அவள் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் நான்கு காரணங்கள், எல்லாமே நாகரிகமானவை. அவற்றில் மதிப்பெண் ஒன்றைத்தான் சரிபார்க்க முடியும். எடுத்துப் பார்த்தோம். அவளுடையது அதிகம்.

நிதானமாக யோசித்தால் பாரபட்சம் போய்விடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ஆனால் அன்று என் நிதானமான யோசனை நீதிபதியாக வேலை பார்க்கவில்லை. வேகமான மனசு ஏற்கெனவே எழுதிவிட்ட தீர்ப்புக்கு வக்கீலாகத்தான் வேலை பார்த்தது. படித்தவர்களிடம் அந்த வக்கீல் இன்னும் திறமையாக வாதாடுவார்.

காவல் நிலையத்தில் கிடைத்த உள்ளுணர்வை நேர்காணல் அறைக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. "ஆளைப் பார்த்தாலே சொல்லிடுவேன்" என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனால் நேர்காணலில் நான் நிராகரித்தவர்கள் திரும்பி வந்து "பாருங்கள், நான் ஜெயித்துவிட்டேன்" என்று சொல்வதில்லை. எனவே நான் தவறியது எனக்குத் தெரியவே வராது. எவ்வளவு வருஷம் செய்தாலும் அந்த அனுபவம் எதையும் கற்றுத்தராது. தன்னம்பிக்கையை மட்டும் ஏற்றிவிடும்.

இது என் ஒருவனுடைய கோளாறு இல்லை. 2007-ல் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, தகுதி ஒரே மாதிரியும் பெயர் மட்டும் வேறாகவும் வைத்து விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். ஆனால் ஊர், தெரு, அப்பாவின் தொழில் என்று மனசு வேறு வழியில் கண்டுபிடித்துக்கொள்கிறது. நான் கண்டுபிடித்தது அப்படித்தான்.

இன்னொரு ஆய்வு என்னை அதிகம் தொந்தரவு செய்தது. ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் விடைத்தாள்களின் முகப்பில் குழந்தையின் சாதி முதலிய விவரங்களைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒரே தரமான விடைத்தாளுக்கு, முகப்பில் தாழ்த்தப்பட்ட சாதி என்று இருந்தால் மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இருந்தது. அப்படிக் குறைத்ததில் மேல்சாதி ஆசிரியர்களை விடத் தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியர்களின் பங்குதான் கூடுதலாகத் தெரிந்தது. இதைச் சொன்னால் "பார்த்தீங்களா, உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒரே பதில்: விஷத்தைக் குடித்தவனையும் கலந்தவனையும் ஒன்றாக்காதீர்கள். சாதி நமக்கும் சேர்த்தே பாடம் எடுத்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். என் காலுக்குப் புளியமரத்தைச் சொல்லிக்கொடுத்த அதே ஊர்தான், எனக்குக் கீழே யார் என்பதையும் என் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அந்தத் தங்கை ஏன் மெல்லிய குரலில் பேசினாள் என்பதையும் யோசிக்க வேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது மேல்சாதிச் சிறுவர்களுக்கும் பட்டியல் சாதிச் சிறுவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் வாசித்த பிறகு பட்டியல் சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. அறிவு அதேதான், அறைதான் மாறிவிட்டது. நாங்கள் நேர்காணலில் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?"

இதையெல்லாம் வெளிநாட்டு உளவியல் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதா என்று கேட்கலாம். இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே சொல்லிவிட்டார். லாகூர் மாநாட்டில் பேசுவதற்காக எழுதி, மாநாடே ரத்தானதால் அவரே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அந்தப் பகுதி இருக்கிறது. மனிதர்கள் பெரும்பாலும் பழக்கத்தில்தான் வாழ்கிறார்கள், ஆராய்ந்து யோசிப்பது அபூர்வம், ஏதாவது நெருக்கடி வந்தால்தான் அது நடக்கும் என்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் ரயில் பயணம். ரயிலில் எல்லாரோடும் உட்கார்ந்து போக வேண்டிய நெருக்கடியில் ஒரு இந்து, சாதியை எப்போதும் காப்பாற்ற முடியாதென்றால் எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதில்லை. ரயிலில் மீறிவிட்டு, இறங்கியதும் மறுபடி கடைப்பிடிக்கிறார். மீறியதற்கு சாஸ்திரத்தில் பரிகாரம் இருக்கிறது. நெருக்கடி வந்தாலும் கேள்வி பிறக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

ஆராய்ந்து யோசிப்பது என்ற அந்தக் கருத்து அவருக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஜான் டூயியிடமிருந்து வந்தது. டூயி 1910-லேயே அது பற்றித் தனி நூல் எழுதியவர். ஆனால் டூயி சொல்லாத ஒன்றை பாபாசாகேப் சேர்த்தார். தனிமனிதனின் சோம்பலால் மட்டும் யோசனை தடைபடுவதில்லை. யோசிக்கவே கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கும் ஒரு சமூக அமைப்பு இருக்கிறது என்றார். என் ஒரு நிமிடத்து நான்கு காரணங்களும் ஒரு வகைப் பரிகாரம்தான். சாஸ்திரத்துக்குப் பதிலாக 'தன்னம்பிக்கை', 'தகுதி' என்ற சொற்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2009-ல் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். "ஒற்றுமை உடையும்" என்று மேடையில் நிதானமாக, வரிசையாக வாதங்களை வைத்தேன். எதிர்த்த எல்லாரையும் நான் சொல்லவில்லை. என்னை மட்டும் சொல்கிறேன். மலக்குழியில் இறங்குபவர்கள் யார், எங்கள் கூட்டங்களில் மேடையில் உட்காருபவர்கள் யார் என்ற எளிய கணக்கை நான் அன்று போட்டுப் பார்க்கவே இல்லை. முடிவை முதலில் எடுத்துவிட்டு, வாதத்தைப் பிறகு தேடினேன். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, எனக்கு அந்தத் தங்கையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவள் விஷயத்தில் என்ன செய்தோம்? நாற்பது பேரையும் மறுபடி மதிப்பிட்டோம். கானெமன் இளம் வயதில் இஸ்ரேல் ராணுவத்தில் ஆட்களை மதிப்பிட ஒரு நேர்காணல் முறையை வகுத்தவர். ஆளைப் பற்றி மொத்தமாக ஒரு அபிப்பிராயம் சொல்லாதே. பண்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்டு, ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்பதுதான் அதன் சாரம். நாங்களும் முதல் பக்கத்தைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டோம். எழுதிய பதில்களுக்கு மூவரும் ஒருவர் மற்றவரைப் பார்க்காமல் மதிப்பெண் போட்டோம். பேச்சு அதற்குப் பிறகுதான்.

கூட்டிப் பார்த்தபோது அவள் ஏழாவது இடத்தில் இருந்தாள். அந்தப் பையனும் பட்டியலில் இருந்தான், பத்தாவது.

நான்தான் போன் செய்தேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. பஞ்சாலையில் சேர்ந்திருந்தாள்.

"முன்பணம் வாங்கியாச்சு சார். அப்பாவுக்கு ஆபரேஷன் செலவு இருந்துச்சு. இப்ப விட்டுட்டு வர முடியாது."

அடுத்த வருஷத்துக்கு இடம் வைத்திருக்கிறோம் என்றேன். "பாக்கறேன் சார்" என்றாள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சார் என்றாள். அடுத்த வருஷம் அவள் விண்ணப்பிக்கவில்லை.

என் வேகமான மனசு முடிவெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதைத் திருத்த எங்களுக்குப் பத்து நாள் ஆனது. ஒரு ஏழை வீட்டுக்குப் பத்து நாள் என்பது மிக நீண்ட காலம்.

இளம் தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். "நான் சாதி பார்க்க மாட்டேன்" என்ற நல்லெண்ணத்தை நம்பி எதையும் நடத்தாதீர்கள். இத்தனை ஆண்டுகள் ஆராய்ந்த பிறகும் தன் உள்ளுணர்வு பெரிதாகத் திருந்திவிடவில்லை, தன் தவறை விட மற்றவர் தவறைக் கண்டுபிடிப்பதே எளிதாக இருக்கிறது என்று கானெமனே எழுதியிருக்கிறார். அப்படியிருக்க நமக்குத் தேவை நல்ல மனசு மட்டுமல்ல, நல்ல நடைமுறை. முடிவெடுக்கும் முன் எதை வைத்து முடிவெடுப்போம் என்று எழுதி வையுங்கள். பெரியவர் பேசிய பிறகு மற்றவர் தலையசைப்பதைத் தவிருங்கள். எல்லாரும் முதலில் தனித்தனியாக எழுதட்டும். நிராகரித்தவர்களின் பட்டியலையும் பாதுகாத்து வைத்து, வருஷம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சட்டத்திலும் நாம் கேட்பது இதைத்தான். 2018-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 18ஏ பிரிவுக்காக நாடு முழுக்கத் தெருவில் இறங்கினோமே, ஏன்? புகார் வந்ததும் "இது முன்விரோதம்", "இது காதல் தகராறு" என்று அதிகாரியின் மனசுக்குப் பட்டதை வைத்து வழக்கை வாசலிலேயே தள்ளிவிடக் கூடாது என்பதற்காக. எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. முதலில் பதிவு செய், பிறகு விசாரி. அதிகாரியிடம் நாம் கேட்கும் அந்த ஒழுங்கு நம் அறையிலும் இருக்க வேண்டாமா?

எல்லாவற்றையும் விட, அந்தத் தன்னார்வலர் தங்கையைப் போல ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணா, ஒரு சந்தேகம்" என்று அவர் கேட்கும்போது உங்களுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நிற்பார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள்.

அக்கா மகளுக்குப் புளியமரத்தின் கதையை அன்று ராத்திரி சொன்னேன். திரும்பி வரும்போது வண்டியை அவள் ஓட்டினாள். அந்த இடம் வந்தபோது அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கால் கொஞ்சம் கூசியது.

ஜெய்பீம்.